அசையாம நில்லுங்க

கல்முனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
ஒரு நாளைக்கு அறுபது நெஞ்சு, இருபது முழங்கால்,
தென்னையால் விழுந்தவர்களின் இடுப்பு.
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று
அறுபது தரமும் அதையே சொல்வேன்:
மூச்சை இழுங்க. பிடிங்க.
அசையாம நில்லுங்க.
விடுங்க.

போயா லீவுக்கு
சுகிர்தமலர்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்,
யானைக்கல் பாக்காத கண் என்ன கண் என்று.
பஸ்ஸில் பொத்துவில் வரை நின்றபடி,
பிறகு சப்றானின் ஆட்டோ,
பிறகு ஆட்டோவும் மறுத்த மணல்.

முகத்துவாரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு.
செருப்பைக் கையில் எடுத்தோம்.
நாலு வெள்ளைக்காரப் பொடியன்கள்
பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
எங்களைத் தாண்டி ஓடினார்கள்,
அலை முடிந்துவிடப் போவதுபோல.

அங்கால தொடங்கியது கல்.

மணலில் பாதி புதைந்து ஒரு முழங்காற்சில்லு.
ஒன்றன்மேல் ஒன்றாக நாரி முள்ளு,
நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் நல்ல தேய்வு.
கடலோரம் தனியே உருண்டு கிடந்தது
ஒரு தொடையெலும்பின் தலை,
எந்தக் குழியிலிருந்து கழன்றதோ.

சப்றான் குதிக்காலால் மணலில் கோடு கிழித்தான்.
"இதில நில்லுங்க மிஸ். இப்ப பாருங்க.
அந்தா தும்பிக்கை. அந்தா நெத்தி.
கண்ணும் இருக்கு, வடிவாப் பாருங்க."
சுகிர்தா துள்ளினாள். ஓம், ஓம், கண்ணுந்தான்!
நான் தலையைச் சரித்தேன்.
அலை வந்து கோட்டை அழித்தது.
மறுகாலும் கிழித்தான். மறுகாலும் அழிந்தது.
"தெரியுதா மிஸ்?"
தெரியுது என்றேன்,
படத்தில் எல்லாம் தெரிந்த பிறகும்
"டொக்டர் சொல்லுவார்" என்கிற
அதே குரலில்.

மேலே ஏறினால் சூடு உள்ளங்காலைக் கடிக்கிறது.
பின்பக்கம் உச்சியிலிருந்து அடிவரை
ஒரு வெடிப்பு.
விரல் விட்டேன், உள்ளே குளிர்.
ஒரு நண்டுக்குஞ்சு ஒதுங்கி இடம் தந்தது.
பழைய முறிவு, சரியாகப் பொருந்தவில்லை,
பாரம் தாங்குகிறது.
இப்படி ஒரு காலோடு
மாதாமாதம் ஒருவர் சைக்கிளில் வருவார்.

களப்புப் பக்கம் கீழே ஏழு கல்.
விலா எலும்பு எண்ணிப் பழகிய கண்
எண்ணாமல் இராது.
ஏழாவது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுப்பு,
அதில் மட்டும் ஒரு கொக்கு.
மாலு பணிஸ் சாப்பிட்டோம்.
சுகிர்தா கல்லை நாற்பது படம் எடுத்தாள்,
நாற்பதிலும் தன் தோளுக்கு மேலே
தும்பிக்கை வரும்படி.

வெயில் சாய்ந்து இறங்கும்போது
சும்மா கிறுகிப் பார்த்தேன்.
ஆறு.
கொக்கு வெறும் சேற்றில் நின்றது.

முகத்துவாரத்தில்,
நாங்கள் கடக்கவேண்டிய அதே இடத்தில்
ஏழாவது கல்
தண்ணீரை அள்ளி முதுகில் எறிந்துகொண்டிருந்தது.

சப்றான் கையைப் பின்னால் நீட்டி எங்களை மறித்தான்.
மிஸ் என்றுகூடச் சொல்லவில்லை.
சுகிர்தாவின் கையில் போன் இருந்தது,
வெளிச்சம் தானாக அணைந்தது.
நான்தான் சொன்னேனோ,
சொல்லிப் பழகிய வாய்
என்னைக் கேளாமல் சொன்னதோ:
மூச்சை இழுங்க. பிடிங்க.
அசையாம நில்லுங்க.

காது ஒருமுறை விசிறி நின்றது.
அது பார்த்தது,
காலையில் இந்தக் கரையில் இல்லாத
மூன்று சின்னக் கல்லை.
எண்ணியதோ என்னவோ.

ஒரு அலை வந்தது. இன்னொன்று வந்தது.
என் நெஞ்சுக்குள் வெள்ளையாக
ஒவ்வொரு எலும்பும் எனக்குத் தெரிந்தது.

பிறகு அது விட்டது,
நீளமாக,
மணல் பறக்க.