ஒரு சாக்கு காயும் தூரம்

நிசாருல்லா கணினியைப் பார்த்து வாசிக்கிறான்:
மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
நாலு மணி பத்து நிமிஷம்.
பின்காற்று இருந்தால் பத்து நிமிஷம் தள்ளுபடி.

அது விமானத்தின் கணக்கு.

பழவேற்காட்டுச் சேற்றில்
வளையிலிருந்து கொக்கியில் இழுபட்ட நேரமே
நண்டுக்குப் பயணம் தொடங்கிவிட்டது.
பொன்னேரி கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்ற இருபது நிமிஷம்,
மாதவரம் ரவுண்டானாவில் லாரி வரிசை,
போரூரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம்,
எல்லாம் அதன் கிலோமீட்டரில் சேரும்.

பொழிச்சலூர் கொட்டகையில்
மூட்டை அவிழும்போது இரவு எட்டு.
நாங்கள் பதினோரு பெண்கள்.
முதுகில் கட்டைவிரல் வைத்து அழுத்தி
இடது கொடுக்கை மடக்கி, வலதை மடக்கி
பச்சை நாடாவை இரண்டு சுற்று சுற்றி
நுனியை உள்ளே செருகுவேன்.
ஆடிக்கு முன்னால் நீல நைலான் வந்துகொண்டிருந்தது,
அது விரலை அறுக்கும்.
ஒன்றுக்கு எட்டு விநாடி.
பிசகினால் நகம் போகும்.
சுண்டுவிரலில் எனக்குப் போயிருக்கிறது.

பிறகு ஈரச்சாக்கு.
தண்ணீர் கூடினால் மூச்சு முட்டும்,
குறைந்தால் செவுள் காயும்.
பரோட்டா மாஸ்டர் மாவின் மேல் போர்த்தும் துணிபோல
பிழிந்தும் பிழியாமலும் விரிக்க வேண்டும்.
இந்த ஈரம் ஒரு பகலும் இரவும் தாங்கும்.
என்னைக் கேட்டால் சிங்கப்பூர்
ஒரு சாக்கு காயும் தூரம்.

தேசப்பன் போனதும் இதே ஓடுதளத்தில்தான்.
அவனுக்கு அந்தத் தூரம்
ஏஜெண்டுக்கு இரண்டரை லட்சம்,
தண்டையார்பேட்டை அடகுக்கடையில் என் ஏழு பவுன்,
பாஸ்போர்ட்டில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
அதற்கு நாலு மாதம்,
நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் என்று
இன்னும் மூன்று,
அப்புறம் நாலு மணி பத்து நிமிஷம்.
திரும்பி வரும் தூரத்தை
நிசாருல்லாவிடம் நான் கேட்கவில்லை.

ஒன்றேகாலுக்குக் கிளம்பும்.
தகரக் கூரை அதிரும்.
தூசு விழாமல் தேநீர் டம்ளரை
உள்ளங்கையால் மூடிக்கொள்வாள் அகல்யா.
யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.
பல்லாவரத்தில் முதல் ரயில் பிடித்து
பீச்சில் இறங்கி, பஸ் மாறி
காசிமேட்டில் நான் பூட்டைத் திறக்கும்போது
நண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தான்.
"கேலாங்ல ஒரு கடை, கண்ணாடித் தொட்டி.
நம்ம நண்டு, அஞ்சுகம்!
நீல நைலான், ரெண்டு சுத்து, நுனி உள்ள.
பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, உன் கைக்கட்டு."
வாங்கினாயா என்று கேட்கவில்லை.
விலையை அவனே சொன்னான்:
அவனுடைய ஒன்றரை நாள்.
கொஞ்ச நேரம் நின்றானாம்,
கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்கும்வரை.

பாவாடை ஓரத்தில் ஒட்டியிருந்த
பச்சை நாடாத் துணுக்கைக் கிள்ளி எடுத்தேன்.

"ஆமா, நான் கட்டுனதுதான்.
கால் அசைஞ்சுதா?"

"அசைஞ்சுது."