கரையில் ஏழரை மணி நேரம்

எங்கள் ஊர்ப் பெயரில் பட்டணம் உண்டு,
கடல் இல்லை.
பேருந்துப் பலகையைப் படித்துவிட்டு ஒருவர்
காவேரிப்பட்டணத்தில் துறைமுகம் எந்தப் பக்கம் என்று
என்னிடம் கேட்டிருக்கிறார்.
மாங்கூழ் கம்பெனி வாசலைக் காட்டினேன்.

ஆடி கழிந்து
கொதிகலன் அணைந்த வாரத்தில்
திம்மராயனுக்குக் கப்பல் விழுந்தது.
சொட்டுநீர்க் குழாய் அதிகம் விற்ற கடைக்குப் பரிசு,
ஜோடியாக, மூன்று இரவு.
நடுவில் திருகோணமலை:
காலை எட்டுக்கு இறங்கினால்
மூன்றரைக்குள் ஏறிவிட வேண்டும்.
"ஏழரையா?
அதான் ஏற்கெனவே நடக்குதே"
என்று சிரித்தார்.

இறங்கி எங்கே போவது என்பதை
இன்றிரவு பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டுமாம்.
பாறைமேல் கோயில். கன்னியா வெந்நீர்க் கிணறுகள்.
படகில் போய்த் திமிங்கிலம் பார்ப்பது.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்:
தென்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நாத்தனார் நாகவேணி போனில் தீர்ப்புச் சொன்னாள்:
"வெந்நிக்கு எதுக்குடி கப்பலு,
உங்க வூட்டு கீசர் என்னாச்சு?
கோயிலுக்குப் போங்க."
இவருக்கோ திமிங்கிலம்தான்.
"கே.ஆர்.பி. அணையில
கெளுத்தியையே பாத்த கண்ணு இது."
உத்தரவாதம் இல்லையாமே என்றேன்.
"ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டமே,
யார் குடுத்தா உத்தரவாதம்?"

உண்மை.
அன்று குழியிலிருந்து புகைதான் வந்தது.
வண்டிக்காரருக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு
இன்னும் ஐம்பதடி போயிருக்கலாம் என்றவர் இவர்.

என்னுடையதை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பதினோரு வருஷமாகப் பெங்களூரா கூழைத் தொட்டு
இனிப்பு அளந்து
பீப்பாய்க்கு முத்திரை வைக்கிறேன்.
ஜெட்டா, ராட்டர்டாம்,
வாயில் நுழையாத இன்னொரு ஊர்.
நான் மூடி போட்டதெல்லாம்
கடல் பார்த்தாயிற்று.
பெட்டியை எப்படித் தூக்குகிறார்கள்?
அந்தரத்தில் அது ஆடுமா?
கீழே நிற்பவன் கையை எப்படி அசைப்பான்?
ஒரு துறைமுக வேலிக்கு வெளியே நின்று
இதைப் பார்த்தால் போதும் எனக்கு.
பட்டியலில் அது இல்லை.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
நெஞ்சில் போனை வைத்துக்கொண்டு அவர் தூங்கிவிட்டார்.
மூச்சுக்கு மூச்சு வெளிச்சம் ஏறி இறங்கியது.
மெல்ல எடுத்தேன்.
மாடிப்படியில் இரண்டு கோடு சிக்னல்.

அங்கேதான் கவனித்தேன்,
பயணி ஒன்றுக்கு ஒரு கட்டம்,
பயணி இரண்டுக்கு வேறு கட்டம்.
இத்தனை வருஷத்தில்
ரேஷன் கார்டிலிருந்து கல்யாண மொய் வரை
எங்கள் இருவரையும் இப்படிப் பிரித்துக் கேட்ட
முதல் படிவம்.

பயணி ஒன்று, திம்மராயன்: திமிங்கிலம்.
பயணி இரண்டு, மாதேஸ்வரி.
கீழே, கீழே தள்ளிப் போனால்
யாரும் படிக்காத கடைசி வரி:
கப்பலிலேயே இருக்கிறேன். கட்டணம் இல்லை.
தொட்டேன்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு
மேல்தளத்துக் கம்பியைப் பிடித்து நிற்கலாம்.
கிரேன் அங்கிருந்து தெரியுமா,
அன்றைக்குப் பெட்டி ஏதும் ஏறுமா, தெரியாது.
பொடி எழுத்தில்கூட
அதைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை.

காலையில் பல் விளக்கிக்கொண்டே கேட்டார்:
"என்ன போட்ட?"
திமிங்கிலம் என்றேன்.
"ரெண்டு பேருக்கும்தானே?"

வாசலில் பால்காரர் மணி.
பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன்,
கொஞ்சம் வேகமாகவே.