ஏழாவது கிரேன்

நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
பதினோரு வருடம்
மனிதர்களின் உச்சந்தலையை மட்டும் பார்த்தவன் நான்.
இப்போது கன்னத்தைத் தரையில் பதித்து
சோபாவுக்கு அடியில்
ஒரு மரக்குதிரையின் மூன்றாவது காலைத் தேடுகிறேன்.

கிளைபெதா துறைமுகத்தில் நவம்பர் முழுக்க மூடுபனி.
விடுப்புத் தாளை நீட்டியபோது
மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:
ஒரு மாதமா, ஒரு வருடமா?
அல்கிர்தஸ் மட்டும் தன் பிளாஸ்கை என் பக்கம் நகர்த்தி
"மீன் பிடிக்கவாவது வருவாயா" என்றான்.
வருவேன் என்றேன்.
தூண்டில் கழியில் இப்போது
சின்னச் சின்ன காலுறைகள் காய்கின்றன.

ஸ்கிர்மந்தே ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறாள்,
ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு.
கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகிவிட்டாள்.
அந்தச் சத்தமின்மையைக் கேட்டுத்தான்
யோத்விலஸ் விழிக்கிறான்.

கிரேனில் முதல் பாடம்
தொங்கும் பெட்டியின் ஆட்டத்தை நிறுத்துவது.
முப்பது டன் இரும்பு காற்றில் ஊசலாடும்.
எதிர்த்து இழுக்கக் கூடாது,
அது போகிற பக்கமே ஒரு கணம் நீயும் போக வேண்டும்,
பிறகு தானாக அடங்கும்.
இங்கே எட்டரைக் கிலோ.
ஆட்டம் நின்றால் அலறல்.
சமையலறைக்கும் ஜன்னலுக்கும் இடையே
ஒன்பது அடி.
எத்தனை முறை நடந்தேன் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி
இருநூற்றுப் பத்தில் நானே தூங்கிவிட்டேன், நின்றபடி.

மேலே இருந்தபோது
மணிக்கணக்கில் பேச ஆளில்லை, அது பிடித்திருந்தது.
ஒன்றுக்கு வந்தால் ஒரு பாட்டில்.
கீழே இறங்கியும் அதில் பெரிய முன்னேற்றமில்லை:
கழிப்பறைக் கதவுக்கு வெளியே ருஸ்னே,
அடியிடுக்கில் விரல் நுழைத்து
"அப்பா, இருக்கிறாயா?"
இருக்கிறேன்.
"இன்னும் இருக்கிறாயா?"

பிப்ரவரியில் ஒரு மதியம்
கஞ்சிக் கிண்ணம் மூன்றாம் முறை சுவரில் மோதியதும்
கத்தினேன்.
துறைமுகக் காற்றில் கத்திப் பழகிய தொண்டை.
குழந்தை அழுதது.
ருஸ்னே அழவில்லை.
தன் பொம்மையின் இரண்டு காதுகளையும்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
என்னையே பார்த்தாள்.
இரவு ஸ்கிர்மந்தேயிடம் சுவர்க் கறையைப் பற்றிச் சொன்னேன்.
காதுகளைப் பற்றிச் சொல்லவில்லை.

மணல்தொட்டிப் பக்கம் அம்மாக்கள் கூடியிருப்பார்கள்.
நான் போனால் பேச்சு தணியும்.
ஏப்ரலில் யாருடைய பட்டமோ பிர்ச் மரத்தில் சிக்க,
ஏறி எடுத்துக் கொடுத்தேன்.
உயரம் எனக்குப் பயமில்லை என்று தெரிந்தபின்
பல் முளைக்கும் காய்ச்சலுக்கு என்ன செய்கிறாய் என்று
என்னிடமும் கேட்டார்கள்.

அவன் முதல் வார்த்தை "அம்மா".
காலை பத்து மணி.
அவள் வீட்டில் இல்லை.
என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு
என் மூக்கைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.
திருத்தவில்லை.
அன்று முழுக்க அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன்.

சம்பளம் குறைந்தது. வெண்ணெய் குறைந்தது.
ஜன்னல் வழியே தூரத்தில் என் கிரேன் அசைவதைப் பார்க்கும்போது
என் நாற்காலியில் யார் என்று
வயிற்றில் ஏதோ புரளும்.
பொய் சொல்வானேன்,
சில நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு
அங்கே ஓடிவிடத் தோன்றியது.
சில நாள் இந்த வருடம் முடியவே கூடாது என்றும்.
பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில்,
மதிய உணவுக்கு முன்னும் பின்னும்.

மறுபடி நவம்பர்.
ஏணியில் ஏறும்போது முழங்கால் முனகியது.
முதல் பெட்டியைத் தூக்கினேன்.
அது அசையாமல்தான் தொங்கியது,
நாற்காலியில் நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

பாலர் பள்ளி ஜன்னலிலிருந்து கிரேன்கள் தெரியும்.
பத்து மணிக்குக் கையசைக்கச் சொல்லியிருந்தேன்:
இடமிருந்து ஏழாவது, அதில் அப்பா.
விளக்கை மூன்று முறை அணைத்து எரித்தேன்.

மாலை, பூட்ஸைக் கழற்றியபடி ருஸ்னே சொன்னாள்
"நீ கையசைத்தாய், பார்த்தேன்."
எந்தக் கிரேன் என்று எண்ணிக் காட்டச் சொன்னேன்.
விரல்விட்டு எண்ணினாள்.
அவளுக்கு ஐந்து வரைதான் தெரியும்.

ஐந்தாவதில் இருப்பவன் அல்கிர்தஸ்.