அழுகை, அழுகல், ஒழுகல்

"கூகுள்ல போட்டுப் பாத்தேன் மேடம்,
'உங்கள் டிரம்கள் அழுகின்றன'ன்னு வருது.
அழுவுதுங்கிறானா, அழுகுதுங்கிறானா?
அழுகிப்போச்சுன்னா ரெண்டு கன்டெய்னர். நான் செத்தேன்."

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
எடைமேடையை ஒட்டிய அறை.
திம்மராயப்பா நீட்டிய கடிதம் வால்பரைசோவிலிருந்து.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.
ஓய்வுபெற்றுப் பதினான்கு மாதம்.
இந்த மாவட்டத்தில் என் ஸ்பானியம்
யாருக்கும் தேவைப்பட்டதில்லை,
பழையபேட்டை தபால்காரர் ஒருமுறை
"ஸ்பெயின்ல மழை உண்டா" என்று கேட்டதைத் தவிர.

யோரான்.
அந்த வினைச்சொல்லை எனக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடம் ஐதராபாத்தில் நடத்தினேன்.
அதில் பதினொன்று தற்காலிகம்:
ஏப்ரலில் வேலை போகும், ஜூலையில் வரும்.
இடையில் நான் பேராசிரியை இல்லை,
வாடகை பாக்கி வைத்த நஞ்சம்மா.
நாக்கு உருளாத பையன்களுக்கு
நம் 'ற'வைக் கடன் கொடுத்துப் பார்த்தேன்.
அவர்கள் மொழியில் 'நாய்'க்கும் 'ஆனால்'க்கும் நடுவே
ஓர் அதிர்வுதான் தூரம் என்றேன்.
சிரித்தார்கள். கால் சென்டருக்குப் போனார்கள்.
ஒருத்தி மட்டும் லிமாவிலிருந்து
இன்னமும் பிழையோடு எழுதுகிறாள்; திருத்துவதில்லை.
கடைசி வருடம் துறையின் பலகையைக் கழற்றி
'திறன் மேம்பாட்டு மையம்' என்று மாட்டினார்கள்.
ஆணி பழையதுதான்.

ஆனால் அந்தச் சொல் எனக்கு வகுப்பில் கிடைத்ததல்ல.
சலமாங்கா, இருபத்தாறு வயது,
உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கு.
ராயக்கோட்டையிலிருந்து கடிதம் வந்து சேர்ந்தபோது
அப்பாவுக்குக் கருமாதியும் முடிந்திருந்தது.
வீட்டுக்கார ரெமேதியோஸ் அம்மாள்
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
"யோரா, இஹா" என்றாள்.
ஏவல் வினை. ஒருமை.
இலக்கணத்தைத்தான் முதலில் பார்த்தேன்.
பிறகுதான் அழுதேன்.

"என்ன மேடம், பேச்சையே காணோம்?"

அழுகலை, என்றேன். கூழ் நல்லா இருக்கு.
மூடியோரம் சொட்டினாலும்
அவங்க அதே சொல்லைத்தான் சொல்வாங்க.
ஒழுகுது. அவ்வளவுதான்.

நாற்காலி கிறீச்சிடச் சாய்ந்தார்.
"ஒரு எழுத்துல உசிரு போயிருக்குமே.
சொல்லுங்க, எவ்வளவு தரணும்?"

ஒரு வினைச்சொல்லுக்கு விலை
பணிக்காலம் முழுவதும் எவரும் கேட்டதில்லை.
தொகை ஒன்றும் தோன்றாமல்
டிரம்மைப் பார்க்கணும் என்றேன்.

கிடங்கில் நீல டிரம்கள், தோள் உயரத்துக்கு.
ஒட்டிய தாளில் 'மாங்கோ'.
நம் மாங்காய்தான்;
கப்பலேறிக் காயைத் தொலைத்துவிட்டு
ஊர்க்காரர் யாரையும் தெரியாத மாதிரி நிற்கிறது.
நானும் கண்டுகொள்ளவில்லை.
மூடி வளையத்தில் விரலை ஓட்டினேன்.
பிசுபிசுத்தது. எறும்புகள்
எனக்கு முன்பே வந்து படித்துக்கொண்டிருந்தன.

"ரப்பர் வாஷரை மாத்துங்க" என்றேன்,
தமிழில்.