இங்கே வண்டியை நிறுத்தாதீர்

ஔலுவுக்கும் எங்கள் தீவுக்கும் நடுவே
கடல் உறைந்தால் பாதை.
உறைந்ததா என்று பார்ப்பது என் வேலை.
துளை போட்டு, கொக்கி வைத்த அளவுகோலை இறக்கி
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பது
என்று நோட்டில் குறிப்பேன்.
பென்சிலால்தான். பேனாவில் மை உறைந்துவிடும்.

அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில்
இன்னொரு கணக்கு.
பதினோரு வருடமாய்
ஆஸ்பத்திரி என் ரத்தத்தில் போட்ட துளைகள்.
முதலில் நூற்றுக்கு எழுபது.
அப்புறம் ஒன்பது.
அப்புறம் புள்ளிக்குப் பின்னால் ஒரு சைபர், இரண்டு, மூன்று.
அப்புறம் "காணப்படவில்லை".

காணப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, ஹில்க்கா,
என்றார் டாக்டர் ஒக்கோனென்.
எனக்கா தெரியாது?
துளை போட்ட இடத்தில் நாற்பது.
நாலடி தள்ளி, நீரோட்டம் அடியிலிருந்து நக்குகிற இடத்தில்
எத்தனை என்று
துளைக்குத் தெரியாது.

மஞ்சள் மாத்திரை. தினம் ஒன்று, சாப்பாட்டோடு.
நாலாயிரம் விழுங்கியிருப்பேன்.
உயிரைப் பிடித்து வைத்தது அதுதான், மறுக்கவில்லை.
ஆனால் விடிந்தால் இமைகள் பொதபொதவென்று வீங்கும்.
ரொட்டி வாசனைக்கே குமட்டும்.
ராத்திரி கெண்டைக்கால் சதை கயிறு முறுக்கும்;
அர்வோ விளக்குப் போடாமல் எழுந்து
பிடித்துவிடுவான்.

நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.
ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்புவதில்லை.
மறு பாதிக்கு?
திரும்பும், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில்.
மாதாமாதம் ரத்தம் கொடுத்தால்
சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.
மாதாமாதம், என்று மறுபடி சொன்னார்.

ஜனவரியில் நிறுத்தினேன்.
மூட்டுகள் வலித்தன. சொல்லித்தான் அனுப்பியிருந்தார்,
மருந்து போகும்போது சிலரை இப்படிக் கிள்ளிவிட்டுப் போகுமாம்.
பிப்ரவரியில் ஒன்றுமில்லை.
மார்ச்சில் ஒன்றுமில்லை.
கண்ணாடியில் என் பழைய கண்கள்.
கருப்பு ரொட்டி நாலு துண்டு தின்றேன், வெண்ணெய் வழிய.

ஏப்ரலில் பனி கெட்டது, பாதையை மூடினோம்.
படகு ஓடவில்லை என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன்.
மூன்றாம் நாளே ஓடியது.
நான் ஏறவில்லை.
நன்றாக இருந்தேன், அதுதான் காரணம்.
மே மாதக் கடிதத்தை
ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
அர்வோ கேட்டான். போய் வந்தாயிற்று என்றேன்.

ஜூனில் போனேன்.
வெள்ளிக்கிழமை டாக்டரே கூப்பிட்டார்.
புள்ளி நான்கு.
சின்ன எண்தான். மார்ச்சில் அது எண்ணாகவே இல்லை.
ஏப்ரலில் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர்
முடிக்கவில்லை.
மாத்திரை பழையபடி கேட்குமா?
பெரும்பாலும் கேட்கும், என்றார்.
அந்தப் "பெரும்பாலும்" மேல்
இரண்டு மாதம் நடந்தேன், கையில் அளவுகோல் இல்லாமல்.

பாதையின் முகப்பில் நானே நட்ட பலகை இருக்கிறது:
மூன்று டன்னுக்கு மேல் வேண்டாம். பெல்ட் போடாதீர்.
நிறுத்தாதீர்.
ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.
ஓடுகிற வண்டியைத் தாங்கும்.
நின்றால் கீழே மெல்லத் தணியும்,
மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, என்பேன்.
சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய வார்த்தைகள்.

ஆகஸ்டில் புள்ளி ஒன்று.
அக்டோபரில் புள்ளிக்குப் பின்னால் ஒரு சைபர்.
ஏப்ரல், மே இரண்டுக்கும்
நோட்டில் வெறும் வரி விட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி மறுபடி கயிறு முறுக்கியது.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்,
அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்த நாளிலிருந்து
கொஞ்சம் தள்ளிப் படுக்கிறான்.
பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.
எழுப்பலாமா வேண்டாமா என்று.
எழுப்பினேன்.