கையெழுத்துப் போடாதவள்

குழுக் கடன் தாளில்
ஐந்து பேர் ஜாமீன் நிற்க வேண்டும்.
நாலு பேர் சாயா ஆறுவதற்குள் போட்டுவிட்டார்கள்.
"ஒனக்க மோளு ராணி மாதிரி எறங்கணும்" என்றாள் ஒருத்தி.
நீ மட்டும் பேனாவை மூடி
என் பக்கம் உருட்டிவிட்டாய்.

"ஆஸ்பத்திரிச் செலவுண்ணா இப்பவே போடுவேன், எப்சி.
ரெண்டு நாளு வாடகை நகைக்கு
நான் ஜாமீன் நிக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாய், தெபோராள்.
நாலு பேர் முன்னால்
என் சேலைத் தலைப்பை உருவினது போலிருந்தது.
ஐந்தாவது கையெழுத்துக்கு ஆளா இல்லை
களியக்காவிளையில்?

அந்த ஞாயிறு முதல் கோயிலில்
உன் பெஞ்சை விட்டு மூன்று பெஞ்சு முன்னால் இருந்தேன்.
பாட்டுப் புத்தகம் உன்னிடம்தான்.
மனப்பாடமில்லாத சரணங்களுக்கு
வாயை மட்டும் அசைத்தேன்.

அண்டியாபீஸ் வேன் காலை ஐந்தே காலுக்கு வரும்.
ஜன்னலோரத்தில் தூக்குவாளியை வைத்து
எனக்கு இடம் பிடித்தாய், தினமும்.
தினமும் நின்றுகொண்டே போனேன்.
நாற்பத்தொரு நாள்.
எண்ணியது நான்தான்.

பாறசாலைக் கடையில் வெல்வெட் தட்டு.
கண்ணாடிக்குள் என் கழுத்து
யாரோ ஒரு பணக்காரியின் கழுத்தாக இருந்தது.
அண்டிப்பால் பொள்ளிக் கறுத்த விரல்களை மட்டும்
கண்ணாடிக்கு வெளியே பிடித்துக்கொண்டேன்.
"திங்களாழ்ச்ச பத்து மணி, கேட்டோ சேச்சி,"
என்றான் கடைக்காரப் பையன்.

பெனிலா குனிய முடியாமல் நடந்தாள்.
ஐயர் ஜெபிக்கும்போதும் சனம்
அவள் கழுத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.
நான் மட்டும் என்ன,
கண்ணை மூடினேனா?
யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்திருந்தேன்.

மூன்று மணிக்கு மண்டபத்துப் பின்னறையில்
மாங்காய் மாலையைக் கழற்றி எண்ணினால்
ஒரு மாங்காய் குறைவு.

ஜாமீன் நின்ற நாலு பேரும்
மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸில் போயிருந்தார்கள்.
எப்படித் தெரிந்ததோ உனக்கு,
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
மேசைகளுக்கடியில் முட்டுக்குத்தி நகர்ந்தாய்.
பிறகு குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாய்.
இருநூறோ முந்நூறோ எச்சிலிலைகள்.
ஒவ்வொன்றாய் விரித்தாய்,
கடிதம் பிரிக்கிறவள் போல.

பழத்தொலிக்கும் பப்படத் துண்டுக்கும் நடுவில் கிடந்தது.
மிச்சப் போஞ்சியில் அலம்பி நீட்டினாய்.
"இந்தா, ஒனக்க மாங்கா."

காத்திருந்தேன்,
அப்பவே சொன்னேன் என்று நீ சொல்வதற்காக.
சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாயிருக்கும்.
"சாப்பிட்டியா?" என்று கேட்டாய்.
இரண்டு பேரும் சட்டி வழித்த சோற்றை
நின்றபடியே தின்றோம்.

அந்த மாதிரி முட்டுக்குத்தின ஒரு ஜெபத்தை
நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை.

திங்கட்கிழமை பாறசாலைக்கு பஸ் ஏறினோம்.
உன் மடியில் மரச்சீனிப் பை, அதற்கடியில் தங்கம்.
கடன் மட்டும் திரும்பக் கொடுக்க முடியாததால்
வியாழன்தோறும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.
இன்னும் எழுபது வியாழன்.

இப்போது ஜெர்லினுக்கு ஐப்பசியில் பேசியிருக்கிறது.
மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை.
கேட்கிறவள் எனக்குள் இருக்கிறாள், தெபோராள்.
நேற்றுக்கூட அந்தக் கடைக் கண்ணாடி முன்
முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.
கையைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருந்தது.

அவளையும் கூட்டிக்கொண்டுதான்
இன்றைக்கு வேனில் ஏறியிருக்கிறேன்.
தூக்குவாளியை மடியில் எடுத்து வை.
கொஞ்சம் ஒதுங்கி இரு,
ரெண்டு பேருக்கு இடம் வேணும்.