வடகரை மாகாணம்

முப்பது நாள் விடாமல் உள்ளே வந்தால்
குடியுரிமை கொடுத்துவிடும் அந்த நாடு.
ஜுபைலில் பதினான்கு வருடம்;
இக்காமாவில் இன்னும் வெல்டர்.

ஆளுநர் பதவிக்கு நிற்கிறேன்.
சுங்கவரி பாதி, துறைமுகம் இரண்டு.
எதிரே ஒரு பிரேசில்காரி, கெட்டிக்காரி,
பொய்யைக்கூடப் புள்ளிவிவரத்தோடு சொல்கிறாள்.

கீழ்க்கட்டில் செய்யது மீரானை
போன மாதமே கெஞ்சிச் சேர்த்திருந்தேன்.
"ஓட்டுக்கு என்ன தருவே?"
ஒரு வாரம் உன் பாத்திரமும் நானே.
ஊர்ப்பழக்கம், எங்கே போகும்.

வாக்குப்பதிவு முடிந்த நேரம்
எண்ணெய்த் தொட்டிக்குள் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்,
கைபேசி கேட்டில்.
வெளியே வந்தால்
ஒன்பது வாக்கில் தோல்வி.

மீரானும் அவளுக்குத்தான் போட்டிருக்கிறான்.
"துறைமுகம் ரெண்டு எதுக்குடா?
அவ ஆஸ்பத்திரின்னா."

பாத்திரம் இன்னும் மூன்று நாள் பாக்கி.